ஒரே பேட்டர்ன், நான்கு ஆண்டுகள், ஐந்து கவுன்கள்

கடைகளில் வாங்கும் கவுன்களில் மார்புக்குப் பொருந்துவது இடுப்பில் தொளதொளவென்று நிற்பதும், இடுப்புக்குப் பொருந்துவது முதுகில் இழுப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. சுடிதாரும் ரவிக்கையும் தைத்துப் பழகிய கையை நம்பி, ‘பை ஹேண்ட் லண்டன்’ என்ற சிறு வடிவமைப்பு நிறுவனத்தின் ‘அன்னா’ பேட்டர்னை (துணியை வெட்டுவதற்கான காகித வடிவம்), அச்சிட்டுக்கொள்ளும் கோப்பாக வாங்கினேன். நான்கு ஆண்டுகளில் அதை வைத்து ஐந்து கவுன்கள் தைத்திருக்கிறேன். அவற்றில் நான்கை இன்றும் சென்னையில் அலுவலகத்துக்கு உடுத்திச் செல்கிறேன்.

அன்னாவில் கை தனியாக வெட்டி இணைக்கப்படுவதில்லை. உடல் பகுதியோடு சேர்ந்தே வரும் கிமோனோ கை. கழுத்தைப் படகு போன்ற நேர்க்கழுத்தாகவோ வி வடிவிலோ அமைத்துக்கொள்ளலாம். மார்புக்குக் கீழே டார்ட்டுக்கு (கூர்முனையாக முடியும் பிடிப்புத் தையல்) பதிலாக மடிப்புகள் இருக்கின்றன. பாவாடைப் பகுதி ஏழு துண்டுகளால் ஆனது. புடவைக்கு உள்ளே கட்டும் ஆறு கட் பாவாடையைத் தைத்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரிந்துவிடும். பின்நடுவில் ஜிப் வருவதால்தான் ஆறு என்பது ஏழாகிறது.

இந்தக் கவுன் உடலுக்கு எடுப்பாக இருப்பதற்கு அந்த மடிப்புகளே முதற்காரணம் என்பது என் கருத்து. டார்ட்டின் முனை மார்பின் உச்சிக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தாலும் அது கண்ணில் பட்டுவிடும். மடிப்போ ஒரு புள்ளியில் முடியாமல் மேல்நோக்கி மெல்ல விரிவதால் சிறு பிசகுகளைத் தாங்கிக்கொள்கிறது. பாவாடையில் மேலிருந்து கீழாக ஓடும் தையல்கள் இடுப்பையும் தொடையையும் ஒட்டி வந்து பிறகு விரிவதால், இடுப்பில் சுருக்கம் வைத்த பாவாடையைப் போல வயிற்றருகே துணி குவிவதில்லை.

அச்சிட்டது முதல் சிக்கலாக அமைந்தது. கோப்பை ஒரு நகலகத்தில் ஏ4 தாள்களில் அச்சிட்டு வாங்கி, ஒட்டி, வெட்டிய பிறகே, அச்சின் அளவு சரியா என்று பார்ப்பதற்கான சோதனைச் சதுரத்தை அளந்தேன், 5 செ.மீ. இருக்க வேண்டிய பக்கம் 4.8 தான் இருந்தது. தாளுக்குள் அடங்கும்படி இயந்திரம் படத்தைச் சுருக்கியிருந்தது. நூற்றுக்கு நான்கு என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 78 செ.மீ. இடுப்பில் அது 3 செ.மீ.க்கும் மேல் குறைகிறது, கவுன் ஏறவே ஏறாது. அதன் பிறகு முதல் தாளை மட்டும் அச்சிட்டு, சதுரத்தை அளவுகோலால் அளந்து பார்த்தபின்பே மற்றத் தாள்களை அச்சிடச் சொல்கிறேன்.

என் உயரம் 152 செ.மீ.; மேல்மார்பு (அக்குளை ஒட்டிய சுற்றளவு) 86, முழுமார்பு (மார்பின் உச்சியில் சுற்றளவு) 92. முழுமார்பை வைத்து அளவைத் தேர்ந்தெடுத்தால் தோளும் கழுத்தும் பெரிதாகிவிடும் என்பதால், மேல்மார்பின்படி அளவெடுத்து, முன்பாகத்தை மட்டும் காகிதத்தில் வெட்டி விரித்து ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. சேர்த்தேன். இடுப்பில் மிகுந்த அகலத்தை மடிப்புகளே வாங்கிக்கொண்டன. பிறகு காடா துணியில் மேல்பாகத்தை மட்டும் நீளத் தையலிட்டுப் பார்த்தேன். நின்றபோது சரியாக இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்புத் தையல் வயிற்றில் மடிந்தது. மேல்பாகத்தின் நீளத்தில் 2 செ.மீ. குறைத்தபின் அது தீர்ந்தது. என் தோள் குறுகலானது என்பதால் வி கழுத்து முன்னால் சற்றுப் பிளந்து நின்றது. காகிதத்திலேயே கழுத்தோரமாக 1 செ.மீ. மடித்து எடுத்தேன். இந்த மூன்று திருத்தங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது. திருத்திய வடிவத்தைப் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வைத்தேன். அடுத்த நான்கு கவுன்களுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

துணிகளில் நடுத்தரக் கனமுள்ள கைத்தறிப் பருத்திதான் இந்தப் பேட்டர்னுக்கு மிகவும் ஏற்றது. வெட்டும் முன் நனைத்துக் காயவைப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. 3 மீட்டர் துணியில் 10 செ.மீ. வரை சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ரேயானில் தைத்த இரண்டாவது கவுனைத்தான் கைவிட நேர்ந்தது. சாய்வாக வெட்டப்படும் ஓரங்கள் தொங்கத் தொங்க நீண்டு, கீழ்விளிம்பு ஏறியும் இறங்கியும் போனது. ஓராண்டில் பின்னிடுப்புத் தையலருகே இழைகளும் விலகின. இப்போது எந்தத் துணியானாலும் ஒரு நாள் முழுவதும் தொங்கவிட்ட பிறகே கீழே மடித்துத் தைக்கிறேன். மூன்றாவதை ஒரு சுங்குடிப் புடவையை வெட்டித் தைத்தேன். துண்டுகளின் கீழ்விளிம்பு வளைவாக இருப்பதால் கரையை அங்கே ஓட்ட வழியே இல்லை. மனமில்லாமல் அதைப் பிரித்தெடுத்து இடுப்புப் பட்டியாக்கினேன். அந்தக் கவுனைத்தான் பார்ப்பவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள்.

நெடுநாள் உடுத்தும்போது அக்குள்தான் முதலில் தேய்கிறது. கிமோனோ கையின் இயல்பே அப்படி: பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கும்போது அக்குள் வளைவு இழுபடுகிறது, கூடவே இடுப்பும் மேலேறுகிறது. முதல் கவுனில் எட்டு மாதத்தில் அந்த இடம் பிரிந்தது. மூன்றாவதிலிருந்து வளைவின் மேல் குறுக்கு வாட்டில் வெட்டிய நாடாத்துண்டை வைத்து, சிறு தையலாக இருமுறை ஓட்டி, விளிம்பில் வெட்டுக் கொடுக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இன்னும் பிரியவில்லை. கழுத்தின் உள்பட்டி துவைக்கத் துவைக்க வெளியே புரண்டு வந்தது. உள்பட்டியின் மேல் ஓரத்தையல் போட்டுத் தோள் தையலோடு கையால் பிடித்தால் அடங்குகிறது. ஐந்தாவது கவுனில் மேல்பாகம் முழுவதற்கும் மல்மல் லைனிங் கொடுத்தேன்; சென்னை வெயிலிலும் அது புழுக்கமாக இல்லை.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று மூன்றாம் ஆண்டில் தெரிய வந்தது. அப்போது என் இடுப்பு ஏறத்தாழ மூன்றரை செ.மீ. கூடியிருந்தது. சுடிதாராக இருந்தால் இரண்டு பக்கத் தையல்களை மட்டுமே பிரித்து விட முடியும், வடிவம் கெட்டுவிடும். இங்கே ஜிப் தையலைத் தவிர்த்து ஆறு தையல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தையலின் இருபுறத் துணியிலும் 3 மி.மீ. விட்டுக்கொடுத்தால் மொத்தம் 3.6 செ.மீ. கிடைக்கிறது. மேல்பாகத்தில் பக்கத் தையல்களிலிருந்து 2 செ.மீ. எடுத்து, மீதியை மடிப்புகளைத் தளர்த்திப் பெற்றேன். தையலுக்கு 1.5 செ.மீ. துணி விட்டிருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஓவர்லாக் (விளிம்பு இழை பிரியாமல் தைப்பது) செய்யும்போது விளிம்பை நறுக்கியிருந்தால் சாத்தியமாகியிருக்காது. இரண்டு கவுன்களை இப்படித் திருத்தினேன், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் கடினமான பகுதி ஜிப் மட்டுமே. பின்னிடுப்பில் தையல்கள் குவியும் இடத்தில் ஜிப் திணறும். அங்கே தையலுக்கு விட்ட துணியைப் படிப்படியாக நறுக்கி, ஜிப் வரும் ஓரத்தில் 2 செ.மீ. அகல ஒட்டுக் கேன்வாஸ் வைத்தால் சீராக ஓடுகிறது. தையலே புதிது என்பவர்கள் முதலில் ஓர் ஆறு கட் பாவாடை தைத்துவிட்டு இதற்கு வரலாம். ஆறாவது கவுனுக்கான நீலக் கைத்தறியை நேற்று நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். பழுப்புக் காகிதத்தில் கையை மட்டும் 4 செ.மீ. நீட்டி வரைய வேண்டியிருக்கிறது.