தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டுபவர்கள் வந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

மதுரையில் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறார்கள். நான் ஏமாந்தேன். வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பகல் பதினொன்றரை மணி. கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பையன்கள். "அக்கா, விற்க வரலை. தண்ணி டெஸ்ட் மட்டும்தான், ஃப்ரீ." வெயிலில் நிற்கிறார்களே என்று உள்ளே கூப்பிட்டு மோரும் கொடுத்தேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீர். ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் விட்டு பிளக்கைச் சொருகினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் டம்ளரில் முதலில் பச்சையாக ஏதோ இழை இழையாக இறங்கியது, அப்புறம் சாக்கடை போலப் பழுப்பாகித் திட்டுத் திட்டாக மிதந்தது. அவர்கள் டம்ளர் அப்படியே இருந்தது. "இதைத்தான் பாப்பா குடிக்குதாக்கா?" என்றான் ஒருவன். அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

விலை 18,500 ரூபாய். இன்றைக்கு மட்டும் 15,000. எதிர் வீட்டு அம்மாவும் புக் பண்ணிவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்றதும், "சாயங்காலம் ஆஃபர் இருக்காதுக்கா" என்று மேனேஜருக்கு போன் போட்டார்கள். 3,000 முன்பணம் கொடுத்தேன். மீதியைத் தவணையாக்க ஆதார், பான் எல்லாம் காட்டி, போனுக்கு வந்த ஓடிபியையும் நானே படித்துச் சொன்னேன். அது கடனுக்குச் சம்மதம் என்பது அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே இருந்தது. நான் நம்பரை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் எதிர் வீட்டில் விசாரித்தால், அந்த அம்மா கதவையே திறக்கவில்லையாம்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் கேன் தண்ணீரில் இரண்டு இரும்பு ஆணிகளை விட்டு 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதே பச்சை, அதே பழுப்பு! நிறம் தண்ணீரிலிருந்து வருவதில்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருகிறது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், உப்பை நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அவ்வளவுதான் அந்த 'டெஸ்ட்'.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரையும் அந்தப் பையன்கள் விட்டுக் காட்டினார்கள். எங்கள் தண்ணீர் 640 காட்டியது. அதை விஷம் என்றார்கள். இந்தியக் குடிநீர்த் தரக் குறியீடு ஐஎஸ் 10500-இல் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் தோராயமாகக் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதனால் சொல்லவே முடியாது.

கம்பெனிக்குப் போன் செய்தால், மாட்டிய மெஷினைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் பில் தராததும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். ஆனால் என் மெஷின் பழுதில்லை. மனசு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. நல்லவேளையாக, முறையான பில் தரவில்லை, ஒரு ரோஸ் நிறச் சீட்டுதான். அதையும் பொய்ச் சோதனையையும் சொல்லி 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஐந்து வாரம் அலைந்த பிறகு கடனை ரத்து செய்து மெஷினை எடுத்துப்போனார்கள். 3,000 வரவில்லை.

அவர்கள் சொன்னது பொய். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும், "நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதும், ஓடிபி கொடுத்ததும் நான். யாரும் என் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவானது. இப்போது யார் வந்தாலும் கிரில்லுக்கு வெளியேதான் பேச்சு. விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். அன்றே பணம் கிடையாது, ஓடிபி கிடையவே கிடையாது.

உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கம்பியை எடுத்தால், அவர்கள் பாட்டில் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள்.