ஜாகுவார் மார்க் 2 சீட்டுகள்: பழைய தோலுக்கு வண்ணமா, புதுத் தோலா?

ஜாகுவார் மார்க் 2 காரின் (1959–1967) சீட்டுகளில் நாம் பார்க்கும் நிறம், இங்கிலாந்தின் கொனொலி நிறுவனத் தோல் மேல் தெளித்த பூச்சு. வலைபோலத் தெரியும் வெடிப்புகள் பல நேரம் அந்தப் பூச்சோடு நின்றிருக்கும். அடியில் தோல் நன்றாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்துப் புதுத் தோலுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

1966 செப்டம்பருக்குப் பிந்தைய கார் என்றால் முதலில் சீட்டு உறையின் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்போது தோலுக்குப் பதில் ஆம்ப்லா என்ற வினைல் வழக்கமாகிவிட்டது. துணி தெரிந்தால் வினைல், நார் தெரிந்தால் தோல். தோல்தான் என்றால் மடிப்பு ஓரத்தைக் கிள்ளி இழுங்கள். செம்பழுப்புப் பொடி கையில் ஒட்டினாலோ, நனைந்த அட்டைபோல் கிழிந்தாலோ, எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது.

தோலில் உயிர் இருந்தால் வண்ணம் பூசுவதே என் தேர்வு. அதிலும் தண்ணீர் கலந்த பிக்மென்ட் (தோலுக்கான நிறப் பூச்சு). தின்னர் கலந்த லாக்கர் பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு பிடிக்கும், பளபளப்பும் அசலுக்கு நெருக்கம். ஆனால் கெட்டியாகப் பூசினால் மடியும் இடத்தில் மறுபடி வெடிக்கும், நெடியும் தாங்காது. தண்ணீர் வகை வளைந்து கொடுக்கும். அதற்கு அடித்தளச் சுத்தம் கறாராக இருக்க வேண்டும். டாஷ்போர்டு பாலிஷில் வந்த சிலிக்கான் ஒரு துளி மிஞ்சினாலும் பூச்சு வட்ட வட்டமாக விலகும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் படலமாக உரியும்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். வெடிப்பு ஓரங்களை 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெடிப்பை நிரப்பும் ஃபில்லரை ஒரே தடவையில் அப்பினால் உட்கார்ந்த முதல் நாளே பிளக்கும். மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்த்து நிரப்புங்கள். முதல் பிக்மென்ட் கோட்டை ஸ்பாஞ்சில் தேய்த்து இறக்கி, அடுத்த மூன்று நான்கைத் தெளியுங்கள். கடைசியில் மேட் டாப்கோட், அதாவது பளபளப்பில்லாத மேல்பூச்சு. தோல் விறைத்திருந்தால் மென்மையாக்கும் எண்ணெயை முன்பே விட்டு, முழுவதும் உள்ளே இறங்கக் காத்திருங்கள். அவசரப்பட்டால் அந்த எண்ணெயே பூச்சைத் தள்ளிவிடும்.

புதுத் தோலில் இந்த வம்பு கிடையாது, செலவு பல மடங்கு. வாங்கினால் 1.1 முதல் 1.3 மி.மீ. தடிமன் பாருங்கள், சோஃபாவுக்கான கனத் தோல் பைப்பிங் (தையல் ஓரத்தின் உருண்டை விளிம்பு) மூலைகளில் மடியாமல் புடைக்கும். முன் சீட்டு மட்டும் மாற்றினால் பின் சீட்டு கிழடாகத் தெரியும்.

எந்தப் பக்கம் போனாலும் ஃபோமை மறக்காதீர்கள். பழைய லேடெக்ஸ் நொறுங்கிக் கொட்டும். பழைய தோலை மீண்டும் போடுவதாக இருந்தால் புது ஃபோமை அசலைவிடத் தடிமனாக வெட்டாதீர்கள். தோல் சுருங்கியிருக்கும், மக்கிய நூல் தையலோடு பிளந்துகொள்ளும்.