உமிழ்வைக் கட்டங்களில் பிரித்து வைத்தல்: எட்டு ஆண்டு அனுபவம்

காற்று மாசைக் கணினியில் கணக்கிடும் மாடல் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வானிலை, வேதிவினை என்று நிறையச் சொல்வார்கள். என் நேரமெல்லாம் போனது அதற்கு முந்தைய வேலையில். ஆண்டுக்கு இத்தனை டன் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் உமிழ்வை வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் (சிறு சதுரத்தில்), எந்த மணி நேரத்தில், எந்த உயரத்தில் விடுவது என்று பிரித்து மாடலுக்கு ஊட்டும் வேலை அது. எட்டு ஆண்டாக இதையேதான் செய்கிறேன். எட்கர், கேம்ஸ் என்ற உலக உமிழ்வுத் தரவுகளையும், சிடிஓ, ஸ்மோக், ஹெம்கோ என்ற மென்பொருள் கருவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எது கைகொடுத்தது, எங்கே சறுக்கியது என்று இங்கே எழுதுகிறேன். புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாகட்டும்.

எல்லோரையும் போல நானும் எட்கரில்தான் தொடங்கினேன். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிடும் தரவு. 1970 முதல் இருக்கிறது, உலகம் முழுக்க 0.1 பாகைக் கட்டம், துறைவாரியாகத் தனித்தனிக் கோப்பு. மின் நிலையம் வேறு, சாலைப் போக்குவரத்து வேறு, வீட்டு எரிபொருள் வேறு என்று பிரித்துக் கையாள முடிவது பெரிய வசதி. ஆனால் அந்த 0.1 பாகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு நாட்டின் மொத்தக் கணக்கு. அதை மக்கள்தொகை, சாலை, ஆலை இருப்பிடம் போன்ற பதிலிகளை (உமிழ்வுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் தரவுகளை) வைத்துக் கட்டங்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். கட்டம் சிறியது என்பதால் தகவலும் அவ்வளவு நுணுக்கமானது என்று ஆகிவிடாது. 3 கிலோமீட்டர் மாடலில் அதை அப்படியே போட்டபோது நைட்ரஜன் டை ஆக்சைடு வரைபடம் ஓடு பதித்த தரை மாதிரி சதுரம் சதுரமாக வந்தது.

என் முதல் பெரிய தவறும் எட்கரோடுதான். அதில் ஒரே உமிழ்வு இரண்டு வடிவில் கிடைக்கும்: கட்டத்துக்கு இத்தனை டன் என்று ஒன்று, சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை கிலோகிராம் என்று இன்னொன்று. நான் டன் கோப்பை எடுத்து 0.2 பாகைக்கு மாற்றினேன். நான்கு கட்டம் ஒன்றாகும்போது டன்னைக் கூட்ட வேண்டும். நான் சராசரி எடுத்தேன். நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மாடல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு குறைவாக வந்ததற்கு எல்லைப் படலத்தின் (தரையை ஒட்டி மாசு கலக்கும் காற்றடுக்கின்) உயரம்தான் காரணம் என்று மூன்று வாரம் அதையே தோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாற்றுவதற்கு முன் மொத்தம் எவ்வளவு, மாற்றிய பின் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு மாசுக்கும், ஒவ்வொரு படிக்கும் அந்தக் கூட்டலைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனதில்லை.

கட்டம் மாற்ற சிடிஓ போதும். வேகமானது, ஒற்றை வரியில் வேலை முடியும். அதில் அக்கம்பக்கப் புள்ளிகளின் மதிப்பை வைத்து இடைமதிப்பு காணும் ரீமேப்-பில் என்ற இருநேர்கோட்டு முறையும், ரீமேப்-கான் என்ற நிறை காக்கும் முறையும் இருக்கின்றன. வெப்பநிலைக்கு முதலாவது பொருந்தும். உமிழ்வுக்கு அதைத் தொடவே வேண்டாம். பெரிய அனல்மின் நிலையம் ஒன்று தனிக் கட்டத்தில் இருக்கிறது, சுற்றிலும் எதுவும் இல்லை என்று வையுங்கள். புதிய கட்டத்தின் மையப் புள்ளி அதன் அருகே விழுந்தால் உமிழ்வு ஊதிப் பெருகும். தள்ளி விழுந்தால் மின் நிலையமே காணாமல் போகும். ரீமேப்-கான் பழைய கட்டமும் புதிய கட்டமும் எவ்வளவு பரப்பில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று பார்த்துப் பங்கு போடுகிறது. அதற்குக் கட்டத்தின் நான்கு மூலைகளும் தேவை. பல கோப்புகளில் மையம் மட்டும்தான் இருக்கும், மூலைகளை நாமே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். இதில் சோம்பல் படக் கூடாது.

பரப்பிலும் ஒரு பொறி உண்டு. 0.1 பாகைக் கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 124 சதுர கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அதில் பாதிதான். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடலில் 3 கிலோமீட்டர் என்று கொடுத்த கட்டமும் தரையில் சரியாக 9 சதுர கிலோமீட்டர் இருப்பதில்லை என்பது. உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும்போது தூரம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று சொல்லும் வரைபட அளவுக் காரணியின் இருபடியால் அந்த 9-ஐ வகுத்தால்தான் உண்மைப் பரப்பு வரும்.

அடுத்தது இடம் பிசகுவது. கட்டத்தின் மூலையை மையம் என்று எடுத்துக்கொண்டால் 0.05 பாகை, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நகர்ந்துவிடும். துறைமுகத்தின் புகை ஊருக்குள் போய் உட்காரும். டபிள்யூஆர்எஃப் பூமியை 6370 கிலோமீட்டர் ஆரமுள்ள முழுக்கோளமாக எடுத்துக்கொள்கிறது. நம் சாலை, ஆலைத் தரவுகள் துருவங்களில் சற்றுத் தட்டையான நீள்கோளக் கணக்கில் இருக்கும். ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தன் போக்கில் அதைக் கோளத்துக்கு 'சரியாக' மாற்றிக் கொடுத்தால், நடு அட்சரேகைகளில் வடக்கு தெற்காக 20 கிலோமீட்டர் வரை பிசகும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றாமல் அப்படியே கோளத்தின் மேல் வைப்பதுதான் வழி. நான் இப்போது ஒவ்வொரு முறையும் தனித்து நிற்கும் ஒரு பெரிய புகைபோக்கியைத் தேர்ந்தெடுத்து, செயற்கைக்கோள் படத்தில் அது இருக்கும் இடத்தையும் என் கட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறேன். அதன்மேல் ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவியின் நைட்ரஜன் டை ஆக்சைடு சராசரியையும் போட்டால் இன்னும் தெளிவு கிடைக்கும். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அதன் படப்புள்ளி ஐந்தரைக்கு மூன்றரை கிலோமீட்டர். இந்தச் சோதனைக்கு அது தாராளம்.

ஆனால் இவையெல்லாம் கணக்குப் பிழைகள், தேடினால் அகப்பட்டுவிடும். என்னை இன்றும் உறுத்துவது பதிலிகள்தான். வீட்டு எரிபொருள் உமிழ்வை மக்கள்தொகைப்படி பிரிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. எரிவாயுவில் சமைக்கும் அடுக்குமாடிகள் இருக்கும் கட்டத்தில் ஆட்கள் அதிகம், அதனால் விறகுப் புகையில் பெரும்பங்கு அங்கே போய்ச் சேரும். உண்மையில் விறகு எரிகிற சிற்றூரின் கட்டம் வரைபடத்தில் வெளுத்துக் கிடக்கும். மொத்தம் கிராம்கூடத் தவறாமல் சரியாக இருக்கும். என் கூட்டல் சோதனையிலும் தேறிவிடும். அடுப்படியில் இருமிக்கொண்டிருப்பவர் மட்டும் கணக்கில் வரமாட்டார். யார் எவ்வளவு மாசைச் சுவாசிக்கிறார்கள் என்ற மதிப்பீடு இந்த வரைபடத்தின் மேல்தான் எழும்புகிறது. அதனால் எரிபொருள்வாரியாகப் பிரிக்காமல் மக்கள்தொகையை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. இரவு ஒளிப் பதிலியிலும் இதே சிக்கல்: வெளிச்சம் இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்றில்லை. சாலைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம் அருமையான தரவு, ஆனால் நீளத்தை மட்டும் கூட்டினால் நெடுஞ்சாலையும் சந்தும் ஒன்றாகிவிடும். வகைக்கு ஒரு போக்குவரத்து எடை கொடுத்தே ஆக வேண்டும்.

கருவிகளில் ஸ்மோக்கை இரண்டு ஆண்டு பயன்படுத்தினேன். இடப் பங்கீடு, மணிப் பங்கீடு, வேதிப் பிரிவு எல்லாவற்றையும் தனித்தனி எண் அணிகளாக (மேட்ரிக்ஸ்) வைத்துக் கடைசியில் பெருக்கும் அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தப் படியில் எவ்வளவு போனது என்று அறிக்கை எடுத்துக் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அமெரிக்க உமிழ்வுப் பட்டியலை மனதில் வைத்துக் கட்டியது. வேறு தரவோடு வந்தால் எந்த உமிழ்வுக்கு எந்தப் பங்கீடு என்று இணைக்கும் குறுக்குக் குறிப்புக் கோப்புகளையும் பதிலிகளையும் முதலிலிருந்து நாமே உருவாக்க வேண்டும். எனக்கு அதற்கே பல மாதம் பிடித்தது.

இப்போது பெரிய பரப்புகளுக்கு ஹெம்கோ. ஒரே அமைப்புக் கோப்பில் அடிப்படை உமிழ்வு, அதைக் கூட்டிக் குறைக்கும் பெருக்குக் காரணி, எந்தப் பரப்புக்குப் பொருந்தும் என்று சொல்லும் முகமூடி மூன்றையும் எழுதிவிட்டால் ஓடும்போதே கட்டம் மாற்றிக்கொள்ளும். ஒரே வகைக்குள் உயர்ந்த படிநிலை உள்ள தரவு தாழ்ந்ததை மூடும். வகை வேறானால் இரண்டும் கூட்டப்படும். இதை ஊன்றிப் படியுங்கள். நான் கையால் திரட்டிய மின் நிலையங்களுக்கு வேறு வகை எண் கொடுத்ததால், உலகத் தரவில் இருந்த அதே நிலையங்களும் சேர்ந்து இரண்டு முறை புகைந்தன.

உமிழ்வின் நிறையை மூலக்கூறு எண்ணிக்கையின் அலகான மோலுக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒரு பட்டியல் டை ஆக்சைடு நிறையில் சொல்லும், இன்னொன்று நைட்ரிக் ஆக்சைடு நிறையில் சொல்லும். டை ஆக்சைடின் மூலக்கூறு நிறையான 46ஆல் வகுக்க வேண்டியதை நைட்ரிக் ஆக்சைடின் 30ஆல் வகுத்தால் 53 சதவீதம் கூடிவிடும். நேர மண்டலமும் அப்படித்தான். நாளின் உமிழ்வை மணிக்கு மணி பிரிக்கும் மணிக் காரணிகள் உள்ளூர் நேரத்தில் இருக்கும், மாடல் உலகப் பொது நேரத்தில் ஓடும். மாலை நெரிசல் நள்ளிரவுக்கு நகர்ந்தால், அந்நேரத்துத் தாழ்ந்த எல்லைப் படலத்துக்குள் அதே கிலோகிராம் பல மடங்கு செறிவாகத் தெரியும்.

நுண்ணிய பரப்புகளுக்கு இன்னும் சொந்தப் பைத்தான் நிரல்தான். கேம்ஸை அடிப்படையாக வைத்து, பெரிய ஆலைகளைப் புள்ளியாக எடுத்து, அவற்றின் பங்கை அடிப்படையிலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பிரிக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்தின் கோப்புறையிலும் துறைவாரி மொத்தங்களுக்கு ஓர் அட்டவணை இருக்கும். சென்ற மாதம் அதில் ஒரு நெடுவரிசை கூட்டியிருக்கிறேன்: துறை ஒவ்வொன்றையும் எந்தப் பதிலியால் பிரித்தேன், அந்தப் பதிலி எந்த ஆண்டுத் தரவு என்று.