துணியா, தகரமா? கிட்ஃபாக்ஸும் ஜெனித் 701-உம்

அமெரிக்காவில் கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கித் தாங்களே விமானம் கட்டுகிறவர்களிடம், "இரண்டு பேர் போகணும், புல்தரையிலும் இறங்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். கிட்ஃபாக்ஸ், ஜெனித் சிஎச் 701 என்ற இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். நான் கட்டியது 701. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டுக்கும் மேல் இறக்கை, அருகருகே இருக்கை, பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 912 என்ஜின். வேகத்தில் கிட்ஃபாக்ஸ்தான், 701 மணிக்கு 80 மைலை ஒட்டித்தான் போகும். அழகிலும் கிட்ஃபாக்ஸ்தான். என்னுடையதைப் பார்த்த மனைவி, "தகரப் பெட்டிக்கு இறக்கை வெச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

வித்தியாசம் மேல்தோலில்தான். 1984-இல் டான் டென்னி ஐடஹோவில் கொண்டுவந்த கிட்ஃபாக்ஸின் உடல், பற்றவைத்த எஃகுக் குழாய்க் கூடு. அதன் மேல் பாலியெஸ்டர் துணி. துணியை ஒட்டி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருங்கி விறைக்கும். நண்பர் ஒருவருக்கு ஒருநாள் உதவிக்கு நின்றேன். பெட்டியின் டயலை அவர் நம்பவே இல்லை. தனி வெப்பமானி வைத்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். மிஞ்சினால் துணி மறுபடி தளர்ந்துவிடும். முடிந்ததும் விரலால் தட்டினேன், மிருதங்கம் மாதிரி 'தொம்' என்றது. ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் என் விமானம் நிற்கப்போவது வெட்டவெளியில், அரிசோனா வெயிலில். ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையின் வாடகை எனக்குக் கட்டாது. துணிக்குப் பெரிய எதிரி புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கத்தான் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு அடிக்கிறார்கள். ஹேங்கருக்குள் இருக்கும் துணி பல பத்தாண்டுகள் தாங்கும். வெயிலில் நின்றால் பூச்சு வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் முழுவதையும் உரித்து மறுபடி போர்த்துவதென்றால் அது பல மாத வேலை. விற்கப் போனாலும் வாங்குகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "துணி எந்த வருஷத்தது?"

701-ஐ 1986-இல் வடிவமைத்த கிறிஸ் ஹைன்ட்ஸ் அதற்கு முன் ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானமான கான்கார்டில் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர், 6061 என்ற வகை அலுமினியக் கலவைத் தகட்டை மடக்கி ரிவெட் அடித்தால் போதும் என்கிற அளவுக்கு எளிமையாகச் செய்திருக்கிறார். போன வருஷம் காற்றில் உருண்டு வந்த ஒரு டிரம், வால் தகட்டில் இடித்துவிட்டது. ரிவெட் தலைகளைத் துளைத்து எடுத்தேன், ஒட்டுத் தகடு வைத்தேன், புது ரிவெட் அடித்தேன். ஒரு சனிக்கிழமையோடு சரி. இங்கே காற்று வறண்டது, அதனால் துருப்பயமும் குறைவு. கடலோரத்தில் இருந்தால் என் கணக்கு மாறியிருக்கும்.

குறையும் உண்டு. இறக்கையின் முன்விளிம்பில் சிறு இடைவெளி விட்டு நிரந்தரமாக நிற்கும் ஸ்லாட் என்ற பட்டைதான் இதை அவ்வளவு மெதுவாகப் பறக்க விடுகிறது, காற்றில் விமானத்தை இழுத்துப் பிடிப்பதும் அதுதான். என்ஜினைக் குறைத்த உடனே மூக்கை நன்றாகத் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேகம் மளமளவென்று இறங்கிவிடும். கிட்ஃபாக்ஸில் நான் பறந்தது இரண்டே தடவை, அதுவும் வலது இருக்கையில். ஓட்டும் சுகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல அது போதாது.

"கிட்ஃபாக்ஸின் இறக்கையை மடக்கி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோகலாமே, அப்புறம் ஏது வெயில்?" என்று அந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 701-ஐ வெளியே எடுத்த வாரமே எங்கள் கராஜை மனைவி திரும்பப் பிடித்துக்கொண்டாள்.