பம்பு சரி, ஸ்பேசர் எங்கே?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் மேலேயோ சாமி மாடத்தின் ஓரத்திலோ ஆஸ்துமாவுக்கான ஒரு நீலப் பம்பு கிடக்கும். அட்டையில் இன்ஹேலர் என்று அச்சிட்டிருந்தாலும் தென்னாப்பிரிக்காவில் யார் வாயிலும் அது பம்புதான். அதோடு சேர்ந்து இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாய், அதாவது ஸ்பேசர், பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் உறை பிரிக்காமல் அலமாரியில் தூங்கும். அதனால் இந்த விமர்சனம் இரண்டையும் ஒரே பொருளாக வைத்துத்தான் பார்க்கிறது. பம்புக்கு மட்டும் மதிப்பெண் போடுவது, திரி இல்லாத விளக்குக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி.

முதலில் பம்பு. வென்டீஸ், ஆஸ்தாவென்ட், வென்டோலின் மூன்றிலும் மருந்து ஒன்றே: சால்பியூட்டமால், ஒரு பஃபுக்கு, அதாவது ஒரு அழுத்துக்கு, 100 மைக்ரோகிராம், குப்பிக்கு 200 பஃப். சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். "எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்டால் பதில் சின்னதுதான்: விலை குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் மருந்து ஒவ்வொன்றுக்கும் எஸ்இபி என்ற ஒரே வெளியீட்டு விலை உண்டு. கடைக்குக் கடை மாறுவது பார்மசி சேர்க்கும் கட்டணம் மட்டும். ஸ்பேசர் மருந்து இல்லை, சாதனம். அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே விலை விசாரித்து அலைய வேண்டுமென்றால் ஸ்பேசருக்கு அலையுங்கள், பம்புக்கு வேண்டாம். எண்ணிக்கை காட்டும் கவுன்டர் உள்ள பம்பு கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். காரணம் பின்னால் வரும்.

ஸ்பேசர் எதற்கு? பம்பை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்து படுவேகமாகப் பீறிட்டு, பெரும்பகுதி நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் மோதி ஒட்டிக்கொள்ளும். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். இளைப்பு வந்து நெஞ்சு அடைத்திருக்கும் நேரத்தில் அந்த ஒத்திசைவு யாருக்கும் வராது. ஸ்பேசர் நடுவில் நின்று வேகத்தைத் தணிக்கிறது. பெரிய துளிகள் அதன் சுவரிலேயே படிந்துவிட, நுண்ணிய துளிகள் நிதானமாக நுரையீரலுக்குப் போகும். தொண்டைக்குப் போய் வீணாகிற மருந்து குறையும்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஏரோசேம்பர் மாதிரி உள்ளங்கையில் அடங்குகிற, வால்வு வைத்த குழாய் ஒன்று. வால்யூமாட்டிக் மாதிரி முக்கால் லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய பலூன் வடிவம் இன்னொன்று. பெரியது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கைப்பையில் அடங்காது. வீட்டிலேயே கிடக்கும் ஸ்பேசரால் டாக்சி ரேங்கில் மூச்சு திணறுகிறவருக்கு என்ன பிரயோஜனம்? அதனால் எங்கள் வாக்கு சின்னதுக்கே. வாங்கும்போது கடையிலேயே மூன்றைப் பாருங்கள். பின்பக்க ரப்பர் வளையத்தில் உங்கள் பம்பின் வாய் இறுக்கமாக உட்காருகிறதா (எல்லாப் பம்பும் எல்லா ஸ்பேசருக்கும் பொருந்தாது). வாய்ப்பக்கத்து வால்வு இதழ் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் இருக்கிறதா. குழந்தைக்கு என்றால் முகமூடியின் விளிம்பு மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா. ஏரோசேம்பர் பிளஸில் ஒரு விசில் உண்டு. அது ஊதினால் மருந்து சரியாகப் போகிறது என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். நேர்மாறு. மூச்சை வேகமாக இழுக்கிறீர்கள், மெதுவாக இழுங்கள் என்கிறது அது.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, அதற்குக் கடை தேவையில்லை: 500 மில்லி கூல்டிரிங்ஸ் பாட்டில். கேப்டவுனில் குழந்தை நுரையீரல் மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர் இளைப்போடு வந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பம்பு நுழையும் இடத்தை இடுக்கில்லாமல் அடைத்த பாட்டில், கடை ஸ்பேசருக்கு ஈடாகவே நின்றது. அடைக்காத பாட்டில் ஒரு படி கீழே. தெர்மோகோல் கப் கடைசி. செய்முறை எளிது. பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். பம்பின் வாயை அடிப்பாகத்தில் வைத்துப் பேனாவால் வரைந்து, அதே வடிவத்தில் வளைத்த கம்பியைச் சூடாக்கி அழுத்தினால் துளை விழும். பெரியவர்தான் செய்ய வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பிசிறைச் சீவி, துகள் ஒன்றுகூட உள்ளே இல்லாமல் அலசி, பம்பைச் செருகி, சுற்றிலும் பசை வைத்து அடையுங்கள். பாட்டிலின் கழுத்துதான் வாய் வைக்கும் இடம். இதில் வால்வு கிடையாது; உதட்டை எடுக்காமல் பாட்டிலுக்குள்ளேயே ஐந்தாறு முறை இழுத்து விட வேண்டும். பார்க்க அழகில்லை. ஆனால் நாளைக்குத்தான் ஸ்பேசர் வாங்க முடியும், இன்றைக்கு ராத்திரி குழந்தைக்கு இளைப்பு என்றால் இதை விடச் சிறந்தது வேறில்லை.

பயன்படுத்துவதில் நடக்கிற தவறுகள்தான் நீளமான பட்டியல். குலுக்காமல் அடிப்பது முதலாவது. மருந்து உள்ளே கரைந்திருக்கவில்லை, தூளாக மிதக்கிறது. குலுக்காவிட்டால் ஒரு பஃபில் அதிகமும் அடுத்ததில் குறைவுமாக வரும். புதுப் பம்பையும் பல நாள் தொடாத பம்பையும் முதலில் காற்றில் அடித்துவிட வேண்டும். எத்தனை தடவை என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அட்டைக்குள் மடித்திருக்கும் தாளில் இருக்கும். அடுத்து, பம்பை நேராக, குப்பியின் அடி மேலே இருக்கும்படி பிடித்து ஸ்பேசரில் செருகி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, ஒரே ஒரு பஃப். மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடக்க முடியாதவர்கள், குழந்தைகள், ஆயா தாத்தாமார் சாதாரணமாக நான்கு முதல் ஆறு மூச்சு எடுத்தால் போதும். அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்தது. அவசரத்தில் நான்கு பஃபையும் ஒரேயடியாக உள்ளே அடித்துவிட்டு இழுப்பவர்கள் ஏராளம். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்துச் சுவரில் விழுந்துவிடும். நான்கு அடித்தும் நான்கின் பலன் கிடைக்காது. அழுகிற குழந்தைக்கு முகமூடியை அழுத்திப் பிடித்துக் கொடுப்பதும் வீண். அழும்போது மருந்து உள்ளே போவது மிகக் குறைவு. மடியில் வைத்துச் சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

கழுவுவது பற்றி ஒரு விசித்திரம். ஸ்பேசரைத் துண்டால் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவர்களுக்குத்தான் மருந்து குறைவாகப் போகும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகளைச் சுவரோடு இழுத்து ஒட்டவைக்கும். புதிதாக வாங்கியதும் ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப் போட்டு அலசித் தானாகக் காயவிட்டால் போதும். கொதிநீர் வேண்டாம், வால்வு சுருங்கும். வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள். பம்பின் நீல உறையையும் வாரம் ஒருமுறை குப்பியைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். துளையில் வெள்ளைத் தூள் படிந்து அடைத்திருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அளவே மாறிப்போகும்.

இப்போது கவுன்டர் விஷயம். 200 பஃப் முடிந்த பிறகும் குப்பி சீறிக்கொண்டுதான் இருக்கும். வருவது வாயு, மருந்து இல்லை. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தகாதது, துளையையும் கெடுக்கும். கவுன்டர் இல்லாவிட்டால் திறந்த தேதியை உறையில் பேனாவால் எழுதிக் கணக்குப் போடுங்கள். தினம் நான்கு வேளை இரண்டிரண்டு பஃப் என்றால் 25 நாள். வாரம் இரண்டு தடவை மட்டும் இரண்டு பஃப் என்றால் 50 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருடம்.

இந்தக் கடைசிக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு ஒரு நீலப் பம்பு வருடம் பூராவும் வர வேண்டும். வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் காலியானால் கடுமையான இளைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு, அதாவது மாதம் ஒன்று என்ற அளவில், உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீலப் பம்பு சுருங்கிய தசையைத் தளர்த்தும், அவ்வளவே. மூச்சுக்குழாயின் உள்சுவர் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்துக்கு பெக்லோமெத்தசோன், புடசோனைட் மாதிரி ஸ்டீராய்டு பம்பு, நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல். அதையும் ஸ்பேசர் வழியாக எடுத்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும். உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, 2019 முதல் நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊரில் நீலப் பம்பைச் சீட்டு இல்லாமலே பார்மசியில் வாங்க முடிவதால் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் கவனிக்க: ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இரண்டும் சட்டப்படியான நாள்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை, பதிவு செய்து ஸ்டீராய்டு பம்பைக் கேட்டு வாங்குங்கள். அரசு கிளினிக்கில் போனால் சிஸ்டரிடம் ஸ்பேசர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மெரிபேங்கில் ஆலைப் புகைதான் காரணம் என்பீர்கள். நியாயம்தான், அது தனிக் கட்டுரை. அந்தப் புகை கிளப்பும் இளைப்புக்கும் அதே ஸ்டீராய்டு பம்புதான் அரண்.

மருந்து நீரைப் புகையாக்கும் நெபுலைசர் மெஷினுக்கு நம் வீடுகளில் ஒரு மரியாதை இருக்கிறது, சத்தம் போட்டுப் புகை விடுவதால். உயிருக்கு ஆபத்தில்லாத இளைப்பில் பம்பும் ஸ்பேசரும் அதற்கு ஈடு என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததே. மெஷினுக்குப் பத்து நிமிடம், கழுவிக் காயவைக்காத கிண்ணத்தில் கிருமி, லோட்ஷெடிங் வந்தால் அதுவும் இல்லை. அந்தக் காசில் இரண்டு ஸ்பேசர் வாங்கி ஒன்றைப் பள்ளிப் பையில் போடலாம்.

புகையால் வந்த சிஓபிடி உள்ளவர்களுக்கு இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் என்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளும் சேரும். கண் அழுத்த நோய் உள்ளவர் இப்ராட்ரோபியத்தை நெபுலைசர் முகமூடியில் எடுத்தால் மருந்துப் புகை கண்ணில் படும், வாய்க்குழாய் கேளுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு இவற்றால் சிறுநீர் அடைக்கலாம். டையோட்ரோபியம் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் உண்டு. அது கருவியில் போட்டு இழுப்பதற்கு. டர்பன் ஈரக்காற்றில் தூள் கட்டிபிடிக்கும் என்பதால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள், தூள் கருவிக்குள் மூச்சை விடாதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் சிஓபிடி நோயாளிக்கு ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம். 98 காட்டினால் நல்லது என்று ஆக்சிஜனைக் கூட்டித் திருகுவது சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயுவைத் தேக்கும்.

நீலப் பம்புக்குப் பின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சகஜம், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அதிக அளவில் பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரை, பிரெட்னிசோன், தியோஃபிலின் கூட இருந்தால் இன்னும் குறையும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களும், கண்ணுக்கு டிமலால் சொட்டு விடுகிறவர்களும் அதைப் பார்மசியில் சொல்லியே ஆக வேண்டும். அவை மூச்சுக்குழாயைச் சுருக்கும், பம்பின் பலனையும் தடுக்கும். கண் சொட்டு மூச்சைப் பாதிக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கடுமையான இளைப்புக்கு: உட்கார வையுங்கள், ஸ்பேசரில் நீலப் பம்பை ஒவ்வொன்றாக 4 முதல் 10 பஃப். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கம், அல்லது சீறல் சத்தம் நின்றும் மூச்சு வராத நிலை என்றால் காத்திருக்காமல் 10177, கைபேசியில் 112. ஆம்புலன்ஸ் வரும் வரை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை அதையே திரும்பக் கொடுக்கலாம். தைப்பூசத்தில் காவடி எடுப்பவருக்கு ஆஸ்துமா இருந்தால் பம்பும் ஸ்பேசரும் கூட நடக்கிறவர் பையில் இருக்கட்டும். கற்பூரமும் சாம்பிராணியும் நேரம் பார்த்து வருவதில்லை.

மூடியைப் போட்டு வையுங்கள். மூடி இல்லாமல் கைப்பையில் கிடந்த பம்புக்குள் நாணயமும் கம்மல் திருகும் போய், அழுத்தும்போது நேராகத் தொண்டைக்குப் போகும். 30 டிகிரிக்கு மேல் சூடேறும் கார் டேஷ்போர்டில் விடாதீர்கள். காலியான குப்பியிலும் அழுத்தம் இருக்கும், பிராய் (இறைச்சி சுடும்) நெருப்பில் எறிந்தால் வெடிக்கும். பார்மசியில் திருப்பிக் கொடுங்கள், அப்படியே கவுன்டர் வைத்த பம்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.