கற்பிட்டிக்கு கைட், ஃபாயில் பயணம்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்கு விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் ஓடுவது), கைட்சர்ஃபிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் ஓடுவது), ஃபாயிலிங் (நீருக்கு மேலே எழும் பலகையில் ஓடுவது) ஆகியவற்றுக்காக நண்பர்களோடு குழுவாகச் செல்லத் திட்டமிடுகிறவர்கள், அதிலும் தங்குமிடம், கருவிகள், பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டில் முன்பணம் கட்டப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்னையிலிருந்து சென்ற எங்கள் குழுவிடம் வீசாத காற்றுக்குப் பணம் வாங்கினார்கள். ஆழமில்லாத நீரில் ஃபாயில் ஓட்ட அனுப்பிவிட்டு, அது உடைந்துவிட்டதென்று ஒரு நண்பரின் கடவுச்சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மேலும் பணம் கேட்டார்கள். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஓட்டுபவரைக் கைட்டின் இழுவையிலிருந்து விடுவிக்க வேண்டிய பாதுகாப்புப் பூட்டு ஆபத்து நேரத்தில் உடனே திறக்காமல் போனது.

கற்பிட்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. புத்தளம் களப்புக்கும் (காயலுக்கும்) கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த நிலத்தில், மணல்திட்டுகள் கடலலையைத் தடுத்துவிட, திட்டைத் தாண்டி வரும் காற்று மட்டும் தட்டையான நீரின் மேல் சீராக வீசும் இடங்கள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட ஏற்ற இடம் நமக்கு இவ்வளவு அருகில் கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் காற்றுக்குப் பருவம் உண்டு. மே மாதம் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக, பெரும்பாலான நாட்களில் 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வீசும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் இரண்டாவது பருவம் ஒன்று வரும். ஏப்ரலும் நவம்பரும் பருவம் மாறும் மாதங்கள். அப்போது காலையில் நீர் அசையாது கிடக்கும். பிற்பகலில் நிலத்தின் மேல் இடிமேகம் திரண்டு, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று வருமென்று சொல்ல முடியாதபடி வீசி ஓயும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறையில்தான் எங்கள் எல்லோருக்கும் நேரம் ஒத்துவந்தது என்பதால், ஏப்ரலில் காற்று இருக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்திலேயே கேட்டோம். ஆண்டு முழுவதும் காற்று உண்டு என்றும், ஒருவேளை குறைந்தாலும் ஃபாயிலுக்கு அது போதும் என்றும் அவர் பதில் அனுப்பினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங், கைட் இரண்டுமே ஃபாயில் பலகைகளில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து ஃபாயில் கற்றுக்கொள்ள வேண்டுமென்ற ஆசை எங்கள் குழுவில் பலருக்கு இருந்தது; அந்தப் பதில் அந்த ஆசைக்குப் பொருத்தமாகவே எழுதப்பட்டிருந்தது. அதில் பாதி உண்மையும் இருந்தது. பலகைக்குக் கீழே ஒரு கம்பமும் அதன் அடியில் இறக்கைகளும் கொண்ட ஃபாயில், வேகம் பிடித்ததும் பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடுவதால் உராய்வு குறைந்து, சாதாரணப் பலகை நகராத காற்றிலும் ஓடும். ஆனால் பத்து நாட் காற்றில் அதை எழுப்பி ஓட்டுவது நெடுநாள் பழகியவர் செய்யும் காரியம். முதன்முறையாக ஏறி நிற்பவருக்குச் சீரான காற்று வேண்டும், ஆழமான நீர் வேண்டும். இரண்டையும் அவர் சொல்லாமல் விட்டார். கட்டணத்தின் முதல் பாதியைக் கடன் அட்டையில் பெற்றுக்கொண்டவர், வங்கிச் செலவு மிச்சமாகும் என்று சொல்லி, மீதியை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் செய்தார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, சிலாபம், புத்தளம் சாலையில் வந்து பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி சேர்ந்தபோது, தங்குமிடத்தில் குறை எதுவும் இல்லை, உணவும் நன்றாகவே இருந்தது. கருவிகளைப் பார்த்ததும்தான் மனம் சோர்ந்தது. புதிய கைட்கள் என்று படங்களில் காட்டியவற்றின் துணி வெளுத்து மெலிந்திருந்தது. காற்றடைத்த குழாய்கள் சிறிது நேரத்திலேயே தளர்ந்தன. சர்வதேசச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்த இளைஞர் அப்படிச் சான்றிதழ் எதுவும் தம்மிடம் இல்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் குழு முழுவதையும் அவர் ஒருவரிடம் ஒப்படைத்தவர்கள்தான் பொறுப்பு.

ஒரு பிற்பகலில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். களப்பில் பத்து நாட்டுக்கும் குறைவான காற்று வீசியதால், எங்களில் நன்றாகக் கைட் ஓட்டத் தெரிந்த நண்பருக்கு 12 சதுர மீட்டர் கைட்டைக் கொடுத்து இறக்கினார்கள். கிழக்கே மேகம் கறுத்திருந்ததை நாங்கள் சுட்டிக்காட்டியபோது, அது இந்தப் பக்கம் வராது என்றார்கள். அது வந்தது. காற்றின் வேகம் இரு மடங்கானால் கைட்டின் இழுவிசை நான்கு மடங்காகும். மேகத்தின் முன்விளிம்பு தொட்ட சில நொடிகளிலேயே நண்பர் நீரிலிருந்து தூக்கி எறியப்பட்டு, மீனவர்கள் வலை கட்ட நட்டிருந்த கம்புகளை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டார். இப்படிப்பட்ட நேரத்துக்காகவே கைட்டை இயக்கும் கைப்பிடியான பாருக்குக் கீழே விடுவிப்புப் பூட்டு இருக்கிறது. அதைத் தம் உடலிலிருந்து வெளிப்புறமாகத் தள்ளினால் இணைப்பு அறுந்து, கைட் ஒரே கயிற்றில் தொங்கி வலுவிழந்து விழ வேண்டும். அவர் தள்ளினார், அது நகரவில்லை. மீண்டும் இரண்டு கைகளாலும் முழுப் பலத்தோடு தள்ளிய பிறகுதான் திறந்தது. அந்தக் கம்புகளுக்கும் அவருக்கும் இடையே அப்போது மிகச் சிறிய தொலைவே இருந்தது.

மீட்புப் படகு எந்நேரமும் தயாராக இருக்கும் என்பது எங்கள் கட்டணத்தில் அடங்கிய வாக்குறுதி. படகு கரையில் கிடந்தது. அதன் இயந்திரம் கொட்டகைக்குள் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. நண்பரைத் தம் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தவர், வலையைப் பார்க்க வந்த வயதான மீனவர் ஒருவர். அவர் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். "தம்பி, இது காத்து மாறுற காலம். கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பின பிறகு வந்திருந்தா நல்லா ஓடியிருக்கலாம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலை அந்தப் பூட்டைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே உப்பும் மணலும் இறுகியிருந்தன. உறையில் இருந்த விரிசலைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கைட்டின் விடுவிப்பு அமைப்பு எவ்வாறு செயல்பட வேண்டும், எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரம் 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு ஏற்பத் தயாரித்த பூட்டைக்கூட ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அது இந்த நிலைக்குத்தான் வரும். ஒரு வாளி நல்ல தண்ணீர் செலவழிக்க மனமில்லாதவர்கள் என் நண்பரின் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்றே சொல்வேன்.

ஃபாயில் விவகாரம் அடுத்த நாள் நடந்தது. மிதமான காற்று கிடைத்ததும், ஊழியர் ஒருவரே இடத்தைத் தேர்ந்து, 85 சென்டிமீட்டர் கம்பம் பொருத்திய ஃபாயிலைக் கொடுத்து ஒரு நண்பரை அனுப்பினார். அந்த இடத்தில் நீர் இடுப்பளவு. நகர நகர அதுவும் குறைந்தது. கம்பத்தின் நீளத்தோடு இறக்கையும் சேர்ந்தால் அங்கே அடிமணலைத் தொடாமல் ஓட்டவே முடியாது என்பது அந்தக் களப்பில் நாள்தோறும் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இறக்கை மணலில் தட்டியது, நண்பர் உடனே நிறுத்திக் கரைக்கு நடந்து வந்தார். புறப்படும் நாளில், முன் இறக்கையின் விளிம்பு பெயர்ந்துவிட்டதாகக் கூறி 650 டாலர் கேட்டார்கள். நீரில் இறங்குமுன் எங்கள் தோழி ஒருவர் எடுத்த படத்தில் அதே பெயர்ப்பு, அதே இடத்தில், தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்க்கவே அவர்கள் மறுத்தார்கள்.

தங்குமிடப் பதிவுக்கென்று முதல் நாளே வாங்கியிருந்த கடவுச்சீட்டுகளில், ஃபாயில் ஓட்டிய நண்பருடையதை மட்டும் திருப்பித் தரவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு, 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, இந்திய அரசின் சொத்து. தனியார் ஒருவர் அதைக் கடனுக்கு ஈடாக வைத்திருக்க உரிமை இல்லை. இதைச் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போகிறோம் என்ற பிறகே தொகை 300 டாலராக இறங்கியது. அன்றிரவே விமானம் என்பதை அறிந்துகொண்டுதான் அவர்கள் இப்படி நடந்துகொண்டார்கள். பணத்தைக் கொடுத்துச் சீட்டை மீட்ட நண்பர், சேதத்தை ஏற்றுக்கொள்வதாக அவர்கள் நீட்டிய தாளில் "கட்டாயத்தின் பேரில்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

அதே களப்பின் மறுகரையில் வேறொரு பள்ளியில், எங்கள் சொந்தச் செலவில், ஒரு நாள் பயிற்சி பெற்றோம். அங்கே நடந்த முறையைச் சொல்கிறேன். மற்ற இடங்களில் நீங்களும் இதையே கேளுங்கள். கருவியைக் கையில் தருவதற்கு முன் மணலில் பரப்பி, ஏற்கெனவே இருந்த கீறல்களை இரு தரப்பும் பார்த்துப் படமெடுத்தோம். பூட்டை எங்கள் கண்ணெதிரே மூன்று முறை திறந்து மூடிக் காட்டினார்கள். நான்கு கயிறுகளின் முனைகளையும் ஒரே கம்பத்தில் மாட்டி, பாரைப் பின்னால் இழுத்து, நீளம் ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். மேகத்தைப் பார்த்ததும் ஒரு மணிநேரம் முன்னதாகவே எல்லோரையும் கரையேற்றி, அந்த நேரத்துக்கான பணத்தை எங்கள் கட்டணத்திலிருந்து குறைத்தார்கள். ஃபாயிலுக்கு, நீர் ஆழமான வேறிடத்துக்குப் படகில் அழைத்துப் போவோம், இன்று அதற்கேற்ற காற்றில்லை, ஆகவே வேண்டாம் என்றார்கள். இவை எதற்கும் தனிக் கட்டணம் இல்லை.

கடன் அட்டையில் செலுத்திய பாதிக்கு, வாக்களித்த சேவை வழங்கப்படவில்லை என்று வங்கியில் முறையீடு கொடுத்திருக்கிறோம். காற்றைப் பற்றிய எழுத்துப் பதில், படங்கள், "கட்டாயத்தின் பேரில்" என்ற தாள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். தனிநபர் கணக்குக்குப் போன பாதியை அந்த வழியில் கேட்க முடியாது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் எழுத்தில் புகார் அனுப்பியுள்ளோம். எங்கள் பயணக் காப்பீட்டில் வாடகைக் கருவிகளின் சேதம் அடங்கவில்லை. உங்களுடையதில் அடங்குகிறதா என்று புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

வரும் பருவத்துக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்றில் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள், மீதியை அனுப்பும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: காற்று வீசாத நாளுக்குப் பணம் திரும்புமா, பயிற்சியாளரின் சான்றிதழ் எண் என்ன, கருவிச் சேதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்பார்கள். எங்களிடம் பணம் வாங்கியவரிடம் இந்த மூன்றாவது கேள்வியை இரண்டு முறை கேட்டோம். இரண்டு முறையும் அதைத் தவிர மற்றவற்றுக்குத்தான் பதில் வந்தது.