மெர்லோவுக்கு வாய்த்த இரண்டு களிமண் மேடுகள்: பெத்ரூஸும் மாசெத்தோவும்

சிவப்பு ஒயினுக்கு உதவும் மெர்லோத் திராட்சையை நம்பியே பெயர் பெற்ற தோட்டங்களுள், பிரான்சின் போர்தோ பகுதியில் பொமெரோல் மேட்டில் உள்ள பெத்ரூஸையும், இத்தாலியின் டஸ்கனிக் கடலோரத்தில் போல்கெரியில் உள்ள மாசெத்தோவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். முன்னது ஏறத்தாழ 11.5 எக்டேர், பின்னது ஏறத்தாழ 7 எக்டேர். இரண்டிலும் கொடிகள் நிற்பது நீலக் களிமண்ணில்.

மெர்லோ முந்தித் துளிர்த்து, கேபர்னே சோவின்யோன் என்ற மற்றொரு சிவப்பு ஒயின் திராட்சைக்கு ஓரிரு வாரம் முன்பே பழுத்துவிடும். விரைவில் சூடேறும் சரளை மண்ணில் அதன் சர்க்கரை மளமளவென்று ஏற, தோலும் விதையும் முற்றாமல் பின்தங்கக்கூடும். குளிர்ச்சியான களிமண் அந்த வேகத்தைத் தணிக்கிறது. பெத்ரூஸின் களிமண் நம் கரிசல் மண்ணைப் போல ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இனத்தைச் சேர்ந்தது. உப்பிய மண் மேல் மழையை உள்ளே விடாமல் வழியவிட்டு, தான் பிடித்து வைத்த நீரைக் கோடையில் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது.

மண் ஒத்திருந்தாலும் வானம் ஒத்ததன்று. பொமெரோலில் பகை குளிரும் மழையும்தான். 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகள் கருகியபோது, அக்கம்பக்கத்தார் பலர் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள்; பெத்ரூஸின் உரிமையாளர் மதாம் லூபா பழைய வேர்களைக் காப்பாற்றி, அவற்றிலிருந்தே மறுபடி துளிர்க்கச் செய்தார். 1992இல் அறுவடைக்கு முன் பெய்த மழை மண்ணில் இறங்காதிருக்கத் தோட்டத்துத் தரையைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். 1984இல் நடப்பட்ட மாசெத்தோவுக்குக் கவலை வேறு: அங்கே வெயில் தாராளம். ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை கூடினால் ஆல்கஹால் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பதால், பறிப்பதில் சில நாள் தாமதம்கூட ஒயினைத் தடிக்கச் செய்து காரமாக்கிவிடும். மலையடியிலும் உச்சியிலும் உள்ள பகுதிகளைவிட நடுப்பகுதியில் களிமண் கனமாக இருப்பதும், கடற்காற்று வீசுவதும் அங்கே பெரிய துணை.

ஆகவே இரு இடங்களிலும் பறிக்கும் நாளே தலைவிதியைத் தீர்மானிக்கிறது. கொடியருகே நின்று ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைக் கடித்தால், முற்றாத பச்சை விதை நாக்கைச் சுருக்கும். முற்றியது பழுப்பேறி, வறுத்த கடலைபோல நொறுங்கும். எந்த ஆய்வுக்கூட எண்ணையும்விட இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். பெத்ரூஸில் காலைப் பனி உலர்ந்த பிற்பகலில் பறிக்கும் வழக்கமும் இதே அக்கறையிலிருந்து வந்ததுதான். பழத்தோடு ஒட்டி வரும் நீர்த்துளி சாற்றை நீர்க்கச் செய்யும் என்பதை அவர்கள் அலட்சியப்படுத்தவில்லை.

நிலவறைக்குள் வந்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. பெத்ரூஸில் சாறு சிமென்ட் தொட்டிகளில் நொதிக்கிறது. பின்னர் முதிர்வதற்குப் போகும் ஓக் பீப்பாய்களில் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிதான் புதியவை. மாசெத்தோவில் புதிய பீப்பாய்களே பெரும்பான்மை. ஒவ்வொரு பகுதியின் ஒயினும் 12 மாதம் தனித்தனியே முதிர்ந்து, பின் ஒன்றாகச் சேர்ந்து மேலும் 12 மாதம் பீப்பாயில் இருக்கும். வெயிலில் திரண்ட கனமான பழத்துக்கு அத்தனை மரத்தையும் தாங்கும் வலு உண்டு. இளமையிலேயே அது வாயை நிறைத்து மகிழ்விக்கும் என்பதை மறுக்க முடியாது.

இருந்தும் என் தேர்வு பெத்ரூஸின் வழியே. முன்பு சேர்த்துவந்த கேபர்னே பிராங்க் என்ற திராட்சையையும் விட்டுவிட்டு 2010 முதல் முழுக்க மெர்லோவாகவே வரும் அந்த ஒயினில் துவர்ப்பைத் தூக்கிப் பிடிக்க வேறு திராட்சையும் இல்லை, மிகுதியான மரமும் இல்லை. களிமண்ணும் அதில் முற்றிய தோலும்தான் அதைச் செய்தாக வேண்டும். மெர்லோவைத் தனித்துச் செய்ய விரும்புகிறவர் பீப்பாய்க்குச் செலவிடும் முன், அந்தத் துவர்ப்பு பழத்திலேயே இருக்கிறதா என்று தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.